காரணம்:

திங்கட்கிழமைக்கு இங்கே மனுநீதி நாள் என்று பெயர்.
சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ், தரைத்தளம்,
நான்காவது கவுன்ட்டரில் நான்.
ஒன்பதரைக்கே வரிசை
சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிவிடும்.

வேலை எளிது.
மனுவை வாங்கி, வகையைத் தேர்ந்து, எண் கொடுப்பது.
பட்டா. உதவித்தொகை. குடிநீர். ஆக்கிரமிப்பு.
எதிலும் அடங்காத துக்கத்துக்கு
இதர.

கன்றை இழந்த பசு மணியை இழுத்த கதை
எதிர்ச்சுவரில் ஓவியமாக இருக்கிறது.
ராஜா நல்லவர், சரி.
நல்லவராக இல்லாமலிருந்தால்?
பசு இழுத்திருக்கும், மணி அடித்திருக்கும்,
அரண்மனையில் யாரோ புரண்டு படுத்திருப்பார்கள்.

ஓட்டேரிக் கல்லூரியில் மூன்று வருஷம்
அரசியல் அறிவியல் படித்தேன்.
குளிர்நாடுகளில், மாவு தூவிய பொய்முடி வைத்த சிலர்
உட்கார்ந்து யோசித்தார்களாம்:
அரசு வானத்திலிருந்து இறங்கியதில்லை,
ஆட்கள் கூடிப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்று.
அவர்களில் சிலருக்கு
அடிமை வியாபாரத்தில் பங்கு இருந்தது
பாடத்திட்டத்தில் இல்லை.
பத்து மார்க் கேள்வி. ஏழு வாங்கினேன்.
இப்போது நானே ஒப்பந்தம்தான்,
பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

பதினோரு மணிக்குக் காசாம்பு வந்தாள்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்,
விரல்நுனிகளில் பசை காய்ந்து வெளுத்திருந்தது.
அவர்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழியில்
யாரோ கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார்கள்.
போன ஐப்பசியில் மாமனாரை
இடுப்பளவு ஓடையில் இறங்கித் தூக்கிப் போயிருக்கிறார்கள்.
பாடை நனைந்து கனத்ததைச் சொல்லும்போது
தோளைத் தொட்டுக்கொண்டாள்.

வாசலில் மனு எழுதுகிறவருக்கு அறுபது ரூபாய்.
அவர் வழக்கம்போல் அடித்துக் கொடுத்திருந்தார்,
ஐயா அவர்களின் பாதம் பணிந்து வேண்டிக்கொள்கிறேன் என்று.
அந்த வரியின் குறுக்கே
நீலப் பேனாவில் ஒரு கோடு.
மேலே, தையல்போல நெருக்கமாக:
கேட்கிறேன்.

"அடிச்சி எழுதனா செல்லுமா?"
செல்லும் என்றேன். எனக்குத் தெரியாது.
"வழி இல்லன்னா, ஏன் இல்லன்னு எழுதிக் குடுப்பாங்களா?"

அந்த ஏன்.
பக்கம் பக்கமாக நான் எழுதி
மூன்று மார்க் குறைந்தது அதற்குத்தான்.

உரிமை என்ற சொல்லை ஒருமுறை
பழைய அகராதியில் பார்த்தேன்.
ராஜா வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் பெயராம்,
அவனுக்கு உரியவர்கள் என்பதால்.
சொல்லைப் புறம் திருப்பித்
தைத்திருக்கிறாள் இவள்.

வேலூரைக் கிண்டல் செய்ய ஒன்று சொல்வார்கள்:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
நாங்களும் சிரித்துவைப்போம்.
ஆறு இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.
கோட்டை அப்படியில்லை.
அகழி அப்படியே, சுவர் அப்படியே,
நடுவில் அந்த இருக்கை மட்டும் காலி.
அதைக் காலியாக வைக்கத்தானே
அத்தனை பேர் மண்டையைக் குடைந்துகொண்டார்கள்,
அத்தனை பேர் செத்தார்கள்.
நல்லவர் வந்தாலும் கெட்டவர் வந்தாலும்
ஏன் என்றால் பதில் வரவேண்டும்.
பசு நல்ல ராஜாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இப்படியெல்லாம் வரிசை நிற்கும்போது யோசிக்கக் கூடாது.
வகை: இதர.
குறிப்புக்கு இருநூற்றைம்பது எழுத்து இடம் உண்டு.
மனுதாரர் காரணத்துடன் பதில் கோருகிறார், அடித்தேன்.
எண்ணைச் சுருட்டி மணிபர்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.

முப்பத்தெட்டாம் நாள் பதில் போயிருக்கிறது.
அடுத்த திங்கள் அதை என் முன் விரித்தாள்.
மனு நிராகரிக்கப்படுகிறது.
காரணம்
அப்புறம் மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி.
அப்புறம் வெறும் தாள். ஒரு முத்திரை.

பசை காய்ந்த விரலை
அந்த வெள்ளையில் வைத்தாள்.
"இங்க என்னா இருக்கணும்?"

பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை நெளிந்தது.
புது மனு ஒன்றைத் திறந்தேன்.
வகை என்ன என்று கேட்டது கணினி.